பண்டலை முன்னால் வைத்த நாள்

திருப்பூரில் பனியன் பண்டலைப் பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போய்க் கடைகளில் போடுவது என் வேலை. பதினோரு வருடத்தில் அந்த நாளுக்கு முன் ஒருமுறைகூட விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை; பண்டல் அசையாது, பேசாது, அவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் வந்து நின்றார். "ஏனுங்க, காதர்பேட்டைக்குத்தானே போறீங்க? நானும் வர்றனுங்க. பண்டலைப் பெட்ரோல் டேங்க் மேல வெச்சுக்கலாமுங்க" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய அறிவாளி மாதிரி பண்டலை அவிழ்த்து முன்னால் வைத்து, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

வழியெல்லாம் ஹாரன் அடிங்க, ஓரமாப் போங்க என்று உபதேசம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் ஹேண்டில்பாரைத் திருப்பினேன். அது பண்டலில் முட்டிப் பாதியிலேயே நின்றுவிட்டது. வண்டி நேராக, எதிரே வந்த லாரியை நோக்கிப் போனது. நான் பிரேக் பிடிக்க, வேகம் குறைந்ததுதான் தாமதம், பின்னால் இருந்த மகராசன் குதித்துவிட்டார். அவர் உந்திய வேகத்தில் வண்டி சாய, நான் பண்டலோடு ரோட்டில் கிடந்தேன். லாரிக்காரர் சட்டென்று நிறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

முழங்கை கிழிந்து நான் எழுந்தபோது, சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் நின்ற சூப்பர்வைசர் சொன்னார்: "பார்த்து ஓட்டோணுமுங்க."

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் பண்டல் பின்சீட்டை விட்டு இறங்குவதில்லை. பஸ் ஸ்டாப்பைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். பண்டலும் என்னோடு விழத்தான் செய்யும். ஆனால் விழுந்த பிறகு எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தராது.