பறந்து வந்த மதியச் சாப்பாடு

லண்டன் ஓரத்துச் சிறு விமான நிலையம். நாலு இருக்கை விமானத்தை மகன் புல்தரையில் இறக்குகிறான். இங்குள்ள உணவகத்தின் ஆட்டிறைச்சிக்காகவே நாற்பது நிமிடம் பறந்திருக்கிறோம்.

"ஆட்டிறைச்சியா, கண்ணா?" என்கிறாள் பரிமாறும் கிழவி. "வெள்ளிக்கிழமை எல்லோரும் மீன்தான் கேட்பார்கள்."

எனக்குத் திக்கென்கிறது. வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடாத வீடு எங்களுடையது.

"இண்டைக்கு வெள்ளியே?"

"ஓம் அப்பா, நானும் மறந்திட்டன். சிப்ஸ் தின்னவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" மகன் சிரிக்கிறான். "அம்மா இருந்திருந்தா வாசல்லயே மறிச்சிருப்பா."

சிப்ஸ் வருகிறது. யன்னலுக்கு வெளியே பதினொரு விமானங்கள் நிற்கின்றன. எதைக் கண்டாலும் எண்ணுகிறவன் நான். கிழமையை மட்டும் அவளிடம் விட்டிருந்தேன்.