சுஷிக்குக் காது கொடுத்த சோதிலிங்கம்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்துத் தமிழர்களிடையே சோதிலிங்கம் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கலியாண வீடுகளில் பாடுபவர். மற்றவரைக் ‘காதுச் சோதிலிங்கம்’ என்று சொன்னால்தான் தெரியும். இது காதுக்காரரின் கதை.

அவருடைய காது பார்வைக்குச் சாதாரணக் காதுதான். ஆனால் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாக பெல்ட்டுகளைப் பராமரித்த காது. திருப்புளியின் நுனியை ஓடுகிற இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடுவார். “மூண்டாவது உருளையின்ரை பேரிங். ரெண்டு கிழமை தாங்கும்” என்பார். பதினைந்தாம் நாள் அது போய்விடும். ஒருமுறை கலியாண வீட்டுக்குப் போய்வந்தவரிடம், மேளச்சமா எப்படி என்று கேட்டார்கள். “மேளம் திறம். மண்டபத்து விசிறிதான் கன நாளைக்கு நிக்காது” என்றார்.

எண்பத்தொன்பதில் அகதியாக வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. முதல் வேலை ஓர் இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவுவது. எட்டு வருடம் உணவகத்தைப் பின்பக்கத்திலிருந்தே பார்த்தவருக்கு முன்பக்கம் போய் உட்காருவது ஏதோ களவு செய்வதுபோல இருந்தது. மனைவி கமலநாயகியும் மகள் சாரங்காவும் இழுத்துக்கொண்டு போனாலும், சாப்பிட்டு முடித்ததும் மேசையில் இருந்த தட்டுகளையெல்லாம் வழித்து, அளவுவாரியாக அடுக்கி வைத்துவிடுவார். பக்கத்து மேசைத் தட்டுகளுக்கும் கை நீளும். கமலநாயகி மேசைக்குக் கீழே காலால் உதைப்பார்.

இயன்முறை மருத்துவராக இருக்கும் சாரங்காவுக்குப் போன வருடம் நிரந்தர வேலை கிடைத்தது. அதைக் கொண்டாட ஞாயிறு மத்தியானம் அப்பா அம்மாவை ஜப்பானியச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக அறிவித்தாள்.

“பச்சை மீனோ?” என்று கேட்டார் சோதிலிங்கம்.

“எல்லாம் பச்சையில்லை அப்பா. அங்கை சாப்பாடு பெல்ட்டிலை வரும். நாங்கள் எடுத்துச் சாப்பிடுறதுதான்.”

“பெல்ட்டிலையோ?” சோதிலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். “அப்ப வெளிக்கிடுங்கோ.”

கடை சிறியதுதான். நடுவில் நீள்வட்டமாக ஒரு பெல்ட். அதன்மேல் சின்னச் சின்னத் தட்டுகள் கண்ணாடி மூடிகளோடு ஊர்வலம் போயின. பெல்ட் சமையலறையிலிருந்து புறப்பட்டு, முதலில் யன்னலோர மேசைகளைக் கடந்து, கடைசியில்தான் கழிவறைப் பக்கம் வரும். சாரங்கா பதிவு செய்ததோ கடைசி நிமிடத்தில். ஆகவே அவர்கள் இருந்தது கழிவறைப் பக்கம். இறால் பொரியலையும் விலாங்கையும் யன்னல்காரர்கள் உருவி எடுத்த பிறகு இவர்களிடம் வந்து சேர்ந்தது வெள்ளரிக்காய் மட்டுமே. வெள்ளரிக்காய் சுற்றிய சோறு, சோறு சுற்றிய வெள்ளரிக்காய், அதன் பிறகு வெறும் வெள்ளரிக்காய்.

“விரதச் சாப்பாடு மாதிரி இருக்கு” என்றார் கமலநாயகி.

சோதிலிங்கத்தின் கவனம் வெள்ளரிக்காயில் இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார்.

“அப்பா, வேண்டாம்.”

“பிள்ளை, உனக்குக் கேக்கேல்லையே? கீச், கீச்... ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா.”

“எனக்குக் கேக்கேல்லை. ஒருத்தருக்கும் கேக்கேல்லை. சாப்பிடுங்கோ.”

சாப்பிடத்தான் முயன்றார். ஆனால் குச்சி கையில் இருந்தது. நீளமான, நேரான, கடினமான மரக்குச்சி. அதை வைத்து என்ன செய்யலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்றுவது வேறு, சோதிலிங்கத்துக்குத் தோன்றுவது வேறு. கமலநாயகி தேத்தண்ணீர் ஊற்றத் திரும்பிய நேரத்தில் குச்சியின் ஒரு நுனியை பெல்ட்டின் விளிம்புத் தகரத்தில் வைத்தார். மறுநுனியைக் காதுக்குள் பொருத்தினார். கண்ணை மூடினார்.

“இஞ்சாருங்கோ!” கமலநாயகியின் குரல் அடித்தொண்டையில் வந்தது. “சனம் பாக்குது. குச்சியைக் காதுக்குள்ளையிருந்து எடுங்கோ!”

“பொறும். கிட்ட வந்திட்டன்.”

அப்போதுதான் யன்னல் பக்கத்திலிருந்து அபூர்வமாக ஓர் இறால் தட்டு தப்பி வந்தது. அதைப் பிடிக்கப் பாய்ந்த சாரங்காவின் முழங்கை அப்பாவின் தோளில் இடித்தது. குச்சி வழுக்கி இரண்டு தகடுகளுக்கு நடுவே விழுந்தது. ‘கறுக்’ என்று ஒரு சத்தம். பெல்ட் நின்றுவிட்டது.

நாற்பது பேர் தங்கள் முன்னால் நின்றுபோன தட்டைப் பார்த்தார்கள். கழிவறைப் பக்கத்தில் ஒருவருக்கு முன்னால் வெறும் சோயாச் சாடி நின்றிருந்தது.

சமையலறையிலிருந்து கடை உரிமையாளர் ஓடிவந்தார். நொறிகோ என்ற ஐம்பது வயதுப் பெண். மெலிந்த உருவம், தலையில் நீலத் துணி. பெல்ட் வைத்த கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். பதிவுக் குரல் ஜெர்மன் மொழியில் நன்றி சொல்லி, அடுத்த டெர்மின், அதாவது திருத்த ஆள் வரும் நாள், ஆறு கிழமைக்குப் பிறகு என்றது.

சோதிலிங்கம் கதிரையைப் பின்னே தள்ளினார். “நான் போய்ச் சொல்லப்போறன்” என்று எழுந்தார்.

“உண்மையையோ?” என்றாள் சாரங்கா.

“முதல் திருத்துவம். பிறகு உண்மை.”

தான் மெக்கானிக் என்று நொறிகோவிடம் அவர் சொன்னதும் கடையில் சிலர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவரைக் கெடுத்தது. உண்மை தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. மேசைகளுக்குக் கீழே நுழைந்து, யாரோ ஒருவரின் நாய்க்கு வணக்கம் சொல்லிக்கொண்டு ஊர்ந்து போனார். மோட்டர் பெட்டியில் ஒரு திருகுபிடி இருந்தது: முன்னே, நிறுத்து, பின்னே. சிக்கிய பொருளை விடுவிக்க பெல்ட்டைக் கொஞ்சம் பின்னே ஓட்ட வேண்டும். இது அவருக்கு மூக்குச் சிந்துகிற மாதிரி. பிடியைப் பின்னே திருப்பினார். முறிந்த குச்சி துள்ளி வெளியே விழுந்தது. பெல்ட் ஓடியது. மறுபடி முன்னே திருப்பினார். பிடி கையோடு கழன்று வந்துவிட்டது.

இனிமேல் பெல்ட் பின்னோக்கி மட்டும்தான் ஓடும்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. சமையலறையிலிருந்து புதிதாகப் புறப்பட்ட விலாங்கு, யன்னல் பக்கம் திரும்பாமல் நேராகக் கழிவறைப் பக்கம் வந்தபோதுதான் விளங்கியது. சோயாச் சாடிக்காரர் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார். இறால் வந்தது. சாமன் மீன் வந்தது. கழிவறைப் பக்கத்தில் திருவிழா.

யன்னலோரத்தில் ஒரு பெண்மணி எழுந்தார். “இந்த மேசைதான் முதல் மேசை என்று மூன்று கிழமைக்கு முன்னரே பதிவு செய்திருக்கிறேன்!” என்றார்.

“நாங்கள் இவ்வளவு நேரமும் வெள்ளரிக்காய் தின்றோம்!” என்று சோயாச் சாடிக்காரர் திருப்பிக் கத்தினார்.

ஒரு மணித்தியாலம் இந்த வழக்கு நடந்தது. நொறிகோ இரு பக்கமும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். சோதிலிங்கம் நடுவில் நின்று, கழன்ற பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து குனிந்தார். கமலநாயகி எதையும் பார்க்காததுபோல ஒன்பது இறால் சாப்பிட்டார்.

வெளியேறும்போது நொறிகோ வாசல்வரை வந்தார். “நாளை கடை பூட்டு. மத்தியானம் குடும்பத்தோடு என் வீட்டுக்கு வாருங்கள். உதவிக்கு நன்றியாக நானே சமைக்கிறேன்” என்றார். சோதிலிங்கம் தலையை ஆட்டிவிட்டார். அன்று பின்னேரம் முழுக்க அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தைக்கூடக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் லீவு எடுத்தார். சாரங்காவும் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். கமலநாயகி, எதற்கும் இருக்கட்டும் என்று செத்தல் மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்துச் செய்த கட்டச்சம்பல் ஒரு போத்தல் கொண்டுவந்தார்.

நொறிகோவின் வீடு கடைக்கு மேலேதான். வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். ஜெர்மன்காரர் வீடுகளில் கழற்றுவதா விடுவதா என்று முப்பது வருடமாகத் தடுமாறிய கமலநாயகி, “அப்பாடா” என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

சமையலறையில் நொறிகோ கையில் உப்புத்தண்ணீர் தொட்டுக்கொண்டு சூடான சோற்றை முக்கோணமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கமலநாயகி இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தானும் பிடிக்கத் தொடங்கினார். கொழுக்கட்டை பிடித்த கைக்குச் சோறு ஒரு பொருட்டா? ஆனால் அவர் பிடித்ததெல்லாம் உருண்டையாகவே வந்தது. நொறிகோ ஒவ்வொன்றாக வாங்கி முக்கோணமாக்கினார்.

பிறகு நொறிகோ சூப்புக்காக ஒரு பொதியைத் திறந்தார். மரத்தூள்போல மெல்லிய சீவல்கள். மணம் எழுந்ததும் கமலநாயகி சாரங்காவின் கையைப் பிடித்துவிட்டார்.

“உது மாசியெல்லோ!”

“கட்சுவோ” என்றார் நொறிகோ.

“மாசி!”

“கட்சுவோ!”

இரண்டு பேரும் பொதியை மாறி மாறி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். கமலநாயகி சம்பல் போத்தலைத் திறந்து நீட்டினார். நொறிகோ முகர்ந்து, ஒரு தும்மல் தும்மி, கண்ணீரோடு தலையாட்டினார். ஒரே மீன்தான். அதைக் காய வைத்தவர்கள்தான் வேறு வேறு.

ஆனால் முக்கியமான சாப்பாடு இனிமேல்தான் இருந்தது. விருந்தாளிகளின் நாட்டை நினைத்து நொறிகோ பிரத்தியேகமாக ஒன்று சமைத்திருந்தார். மூடியைத் திறந்தார். பெரிய கிண்ணத்தில் மண்ணிறமாக, தடிப்பாக, கரட்டும் உருளைக்கிழங்கும் மிதக்க ஏதோ இருந்தது.

“கறி!” என்றார் பெருமையோடு.

மூவரும் வாயில் வைத்தார்கள். இனித்தது. ஆப்பிள் போட்டிருந்தாராம். சாரங்கா மேசைக்குக் கீழே அம்மாவின் காலைத் தொட்டாள். கமலநாயகி சிரித்த முகம் சிரித்தபடியே நின்றது. சோதிலிங்கம் கரண்டியைக் கீழே வைத்தார்.

அவருக்கு அதற்குமேல் தாங்க ஏலாமல் போய்விட்டது. தனக்குத் தீங்கு செய்தவனுக்கு ஒரு மனுசி ஆப்பிள் சீவிப் போட்டுக் கறி சமைத்து வைத்திருக்கிறாள்.

“அந்தக் குச்சி என்னுடையது” என்றார் ஜெர்மன் மொழியில். “சத்தம் கேட்கத்தான் வைத்தேன். உங்கள் பெல்ட்டை நிறுத்தியது நான். திருத்தப் போய்ப் பிடியை முறித்ததும் நான். மன்னிக்க வேண்டும்.”

“அப்பா, என்ரை முழங்கையும்தான்” என்றாள் சாரங்கா.

நொறிகோ கறிக் கிண்ணத்தை ஒரு பக்கம் நகர்த்தினார். பிறகு, “நான் பார்த்தேன்” என்றார். “சமையலறை யன்னலால் பார்த்தேன். ஒரு மனிதர் என் பெல்ட்டில் குச்சியை வைத்துக் காதால் கேட்கிறார். இரண்டு மாதமாகக் கீச் கீச் என்கிறது. கம்பனிக்காரர் அப்படி ஒரு சத்தமே இல்லை என்கிறார். என் மகன் எனக்கு வயது போய்விட்டது என்கிறான். காது வைத்தியரிடம்கூடப் போனேன். காதில் பிழையில்லை என்றார்.” மேசையில் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். “உங்களுக்குக் கேட்டதா?”

“ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம்” என்றார் சோதிலிங்கம்.

“ஒவ்வொரு சுற்றுக்கும்!” நொறிகோ மேசையில் அடித்தார். கரட் ஒன்று துள்ளியது. “அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

சாப்பாடு பாதியில் நின்றது. இரண்டு பேரும் கீழே கடைக்கு இறங்கினார்கள். சோதிலிங்கம் காரிலிருந்து தன் சாமான் பெட்டியை எடுத்துவந்தார். பெல்ட்டை ஓடவிட்டு, ஒருவர் இந்தத் தலைப்பிலும் மற்றவர் அந்தத் தலைப்பிலும் ஆளுக்கொரு திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. அரை மணித்தியாலத்தின் பின் சாரங்கா தேடிவந்து பார்த்தபோது நொறிகோ, “இங்கே!” என்று கத்தினார். வளைவில் இரண்டாவது பேரிங். சோதிலிங்கம் சான்றிதழே இல்லாத ஒரு பட்டமளிப்பு விழா நடத்துவதுபோல அவருடைய கையைக் குலுக்கினார்.

மேலே கமலநாயகி சும்மா இருக்கவில்லை. அந்தக் கறிக்குள் அரைக் கரண்டி கட்டச்சம்பல் போட்டுக் கலக்கிப் பார்த்தார். கொஞ்சம் உறைத்தது, கொஞ்சம் இனித்தது. நால்வரும் சட்டியை வழித்தார்கள்.

பேரிங் மாற்றி, புதுப் பிடி போட்டு, பெல்ட் மறுபடி முன்னோக்கி ஓடுகிறது. ஆனால் மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் நொறிகோ அதைப் பின்னோக்கி ஓட்டுகிறார். அன்றைக்குக் கழிவறைப் பக்க மேசைகளுக்குத்தான் பெரும் கிராக்கி. வாரம் ஒரு முறை கமலநாயகி கீழ்ச் சமையலறைக்கு வந்து, மாசி போட்டுச் சம்பல் இடிக்கிறார். அதை உள்ளே வைத்துப் பிடித்த சோற்று முக்கோணம் இப்போது விலைப்பட்டியலில் இருக்கிறது. எதிர்பாராமல் கடித்த ஒருவர் எழுந்து இரண்டு சுற்று நடந்துவிட்டு, இன்னொன்று கேட்டாராம்.

அதற்கு ‘கமலா’ என்று பெயர் வைக்க நொறிகோ விரும்பினார். ஜப்பானிய எழுத்துக்குப் பக்கத்தில் தமிழிலும் இருக்கவேண்டும் என்றார். ஜெர்மனியில் வளர்ந்த சாரங்கா, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை நம்பித் தானே எழுதிக் கொடுத்தாள். நானூறு விலைப்பட்டியல் அட்டைகள் அச்சாகி வந்த பிறகுதான் கமலநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“கமால.”

சாரங்கா முகத்தை மூடிக்கொண்டாள். “கால் மாறிப்போச்சு அம்மா.”

கமலநாயகி அட்டையை ஒருமுறை தூரப் பிடித்தும் ஒருமுறை கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

“விடு பிள்ளை” என்றார். “ஜப்பான் பேர் மாதிரி வடிவாத்தான் இருக்கு.”