பாஸ்டர் டைக்ஸ்ட்ராவும் ஒரு சாண் தூரமும்

பந்தின் முன் முழங்காலிட்டு, அதன் தலையில் கைவைத்து, பாஸ்டர் வெர்லின் டைக்ஸ்ட்ரா ஜெபிக்கிறார். குடியை விடுவதற்காக வந்திருக்கும் ஆறு பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஆண்டவரே, இந்தப் பந்து போகவேண்டிய இடத்துக்குப் போகட்டும். போகாட்டி, போன இடத்தைப் பொறுத்துக்கற மனசு எங்களுக்குத் தாரும்."

எழுந்து அடிக்கிறார். பந்து குளத்துக்குப் போகிறது.

"ரெண்டாவது பாதி ஜெபத்தை மட்டும் கர்த்தர் தவறாமக் கேட்டுடறார்" என்கிறான் ரஸ்டி. கூரை வேய்கிறவன்; கூரை மேல் உட்கார்ந்தே குடித்தவன்.

மிச்சிகன் ஏரிக்கரையில் பெத்தேல் மீட்பு இல்லம் இருக்கிறது. அங்கே செவ்வாய்க்கிழமை ஆலோசனை, புதன்கிழமை வேதபாடம், வியாழக்கிழமை கோல்ஃப். 'பந்தை அடி, பழக்கத்தை அடி' என்று தொப்பியில் தைத்திருக்கும். மட்டைகள் எல்லாம் பல் மருத்துவர்களின் விதவைகள் தானம் செய்தவை. லாரி ஓட்டியவனும் மீன் வெட்டியவனும் பல் மருத்துவரின் மட்டையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கே வராத ஆட்டத்தைப் பழகுகிறார்கள்.

டைக்ஸ்ட்ரா ஒரு காலத்தில் பால் வண்டி ஓட்டியவர். அப்போது பாலைத் தவிர எல்லாவற்றையும் குடித்தவர். இப்போது பச்சைக் கட்டம் போட்ட கால்சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக, பார்க்கும் எதையும் உவமையாக்கிவிடுவார். மணற்குழி எகிப்து. குளம் பழைய கூட்டாளிகள். காற்று யாரென்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் அது மாமியாராக இருந்தது.

பெத்தேலுக்கு வந்து ஒன்றரை வருடம் குடியை விட்டிருந்த லாய்ட் மிஸ்னரின் அடக்கத்திலும் அவர் இப்படித்தான் பேசினார். "லாய்ட் ஆட்டத்தை முடிச்சுட்டார். மட்டைப் பையை இறக்கி வச்சுட்டார்" என்றார். முன் வரிசையில் இருந்த லாய்டின் மகள் ஜோலீனுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. நகராட்சிக் குழாய்களில் நீர் ஓடும் அளவைக் காட்டும் கருவிகளைச் சோதித்து, சரியாக இருப்பவற்றில் அழியாத மையால் குறியிடுவது அவள் வேலை. உவமைகளில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

இந்த வியாழக்கிழமை அவள் அப்பாவின் மட்டைப் பையோடு வந்திருக்கிறாள். வந்த காரியம் ஒன்றுதான். பெத்தேலின் சிற்றாலய ஜன்னலில் பழைய பந்துகள் வரிசையாக இருக்கின்றன. சாகும்வரை குடிக்காமல் இருந்தவர்களின் பந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அப்பாவின் பந்து அங்கே இல்லை. அது இருக்க வேண்டும்.

"முதல்ல ஆடும்மா. அப்புறம் பேசலாம்" என்றார் டைக்ஸ்ட்ரா.

அவள் மட்டையை வீசினாள். புல் பறந்தது; பந்து அசையவில்லை.

"கிருபை அடி!" என்றார். ஓர் அடி தவறினால் கணக்கில்லாமல் இன்னொரு தடவை அடிக்கலாம். ஊரெங்கும் ஆடுகிறவர்கள் சும்மா எடுத்துக்கொள்வது அது. பெத்தேலில் மட்டும் தவறை வாய்விட்டு அறிக்கையிட்ட பிறகே எடுக்க வேண்டும்.

"என்ன சொல்லணும்?"

"என்ன தப்புன்னு."

"எனக்கு இந்த ஆட்டமே தெரியாது."

"அது பாவமில்லை, உண்மை. அதுவும் செல்லும். அடி."

மூன்றாவது குழியருகே மணி கேட்டது. மைதானம் வேறொருவருடையது, அதில் பீர் வண்டி சுற்றும். ஓட்டுகிறவள் டார்லா. மணி கேட்டதும் டைக்ஸ்ட்ரா "திரும்புங்க!" என்றார். ஆறு பேரும் பைன் மரங்களைப் பார்த்துத் திரும்பி, ஆளுக்கொரு சுருதியில் ஞானப்பாட்டு பாடத் தொடங்கினார்கள்.

"நாலு வருஷமா உங்க முதுகைத்தான்யா பாக்கறேன்!" என்று டார்லா கத்தினாள். "ஒருத்தனுக்காவது மூஞ்சி இருக்கா? எலுமிச்சை ஜூஸும்தான் வச்சிருக்கேன்!"

"வச்சுட்டுப் போ தாயி. கண்ணை மூடிக்கிட்டு வந்து எடுத்துக்கறோம்" என்றார் பாஸ்டர், மரத்தைப் பார்த்தபடியே.

கிருபையை அள்ளி விடுகிறவர், ஒன்றை மட்டும் விட மாட்டார். குழிக்கு வெகு அருகே பந்து நின்றுவிட்டால், 'சரி, விழுந்த மாதிரிதான், எடுத்துக்கோ' என்று சொல்வது எல்லா மைதானத்திலும் வழக்கம். டைக்ஸ்ட்ராவிடம் அது நடக்காது. விரற்கடை தூரமானாலும் தட்டி உள்ளே தள்ள வேண்டும். ஒருமுறை பேராயரையே திரும்ப வந்து தட்டவைத்தார். பேராயர் அதையும் தவறவிட்டது தனிக்கதை.

"'விழுந்த மாதிரிதான்.' இதைச் சொல்லித்தான் நான் பன்னெண்டு வருஷம் குடிச்சேன். குடியை விட்ட மாதிரிதான், ஒண்ணே ஒண்ணு. மாதிரின்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார் ஜோலீனிடம்.

ஜோலீன் நின்றாள்.

"அப்பாவுக்கும் அதேதானா?"

அவர் மட்டையின் முனையால் புல்லைக் கிளறினார். நடந்தது இருவருக்கும் தெரியும். லாய்ட் தன் வேனில், இதயம் நின்று, இறந்துகிடந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு பீர் டப்பா, திறந்தபடி.

"டப்பாவைப் போலீஸ் என்கிட்டக் குடுத்தாங்க. நான் அளந்து பாத்தேன், பாஸ்டர். ஒரு மிடறுதான் குறையுது."

"ஒரு மிடறு."

"ஒண்ணரை வருஷத்துக்கு ஒரு மிடறு. எங்க வேலையில எந்தக் கருவியும் துல்லியமா இருக்காது. இவ்வளவு பிழை இருக்கலாம்னு ஒரு அளவு உண்டு. அதுக்குள்ள இருந்தா, கருவி சரின்னு குறி போட்டுடுவோம்."

"கர்த்தர்கிட்ட அந்த அளவு இல்லையேம்மா."

"கர்த்தரை நான் கேக்கலை. ஜன்னல் உங்களுது."

உவமை ஏதாவது வரும் என்று ரஸ்டி காத்திருந்தான். வரவில்லை. அதன்பிறகு டைக்ஸ்ட்ரா எந்தப் பந்துக்கும் ஜெபிக்கவில்லை. ஆறு பேருக்கும் அது பயமாக இருந்தது.

கடைசிக் குழி சிற்றாலயத்தின் வேலியை ஒட்டி இருந்தது. ஜோலீன் அப்பாவின் பந்தைத் தட்டினாள். அது வளைந்து, தயங்கி, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவள் அதைத் தட்டி உள்ளே தள்ளப் போகவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

மணி கேட்டது. டார்லாவின் வண்டி மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. பாஸ்டர் "திரும்புங்க" என்று சொல்லவில்லை. ஆறு பேரும் தாமாகவே திரும்பி, மரங்களைப் பார்த்துப் பாடத் தொடங்கினார்கள்.

ஆறு முதுகுகளுக்குப் பின்னால், முழங்கால் சொடக்கிட, டைக்ஸ்ட்ரா குனிந்தார். பந்தைக் கையில் எடுத்தார். கால்சட்டையின் பச்சைக் கட்டத்தில் இருபுறமும் துடைத்தார். பிறகு ஜோலீனின் சட்டைப் பையில் இருந்த அழியாத மைப் பேனாவுக்காகக் கையை நீட்டினார்.