பங்குக்குப் பூ கேட்ட காலை

எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாமே குசுகுசுச் சண்டைகள். கலிபோர்னியாவில், மில்பிடாஸ் அபார்ட்மெண்டுக்குக் குடிவந்த முதல் வாரமே அப்படி ஆகிவிட்டது. கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுப்பாள். நான் மிக்ஸியைத் தொட்டால் போதும், துடைப்பக் கட்டையால் தன் கூரையை, அதாவது என் தரையை, டொக் டொக்கென்று இடிப்பாள். அவள் மேல் தப்பே சொல்ல முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல். சரி, ராத்திரியிலாவது நிம்மதியாகச் சத்தம் போடலாமென்றால், படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை.

நான் ஈரோட்டுப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் காப்பி குடிக்கக் கூப்பிட்டாலே தெருமுனை வரை கேட்கும். அப்படி வளர்ந்தவளுக்குக் கட்டின புருஷனை வாய்விட்டுத் திட்ட ஓரிடம் இல்லை. கோபம் வந்தால் அவர் காதருகே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் என்ன அன்னியோன்னியம் என்று நினைத்திருப்பார்கள். நாசமாய்ப் போன அன்னியோன்னியம்.

அதனால்தான் எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. பழைய வீடு, சின்னதுதான், ஆனால் ஒரு சுவரைக்கூட யாரோடும் பகிர்ந்துகொள்ளாத தனி வீடு. மேலே ஆளில்லை, கீழே மண்தான். நாங்கள் சொன்ன விலைக்கு வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டுவிட்டார். முன்பணம் கட்டுவதுதான் பாக்கி. அந்தப் பணம், என் கணவருக்கு அவருடைய கம்பெனி வருடாவருடம் கொடுத்த பங்குகளாக இருந்தது. விற்றால் வீடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

விற்க மாட்டேன் என்றார் மனுஷன்.

காரணம், விலை மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. அதே சமயம் அவர் கம்பெனி மேல் அரசாங்கம் கேஸ் போட்டிருந்தது. கம்பெனி அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது, மற்றவர்களைத் தலையெடுக்க விடுவதில்லை, துண்டு துண்டாக உடைக்க வேண்டும் என்று கேஸ். தீர்ப்பு எந்த நாளும் வரலாம். சாதகமாக வந்தால் விலை பிய்த்துக்கொண்டு போகும், இப்போது விற்பவன் மடையன் என்பது அவர் கட்சி. பாதகமாக வந்தால் பங்கும் போச்சு, என் வீடும் போச்சு என்பது என் கட்சி.

“ஏனுங்க, உங்க கம்பெனி நெம்பப் பெருசா இருக்குதுன்னு கவர்மெண்டு கேஸ் போட்டிருக்குது. என்ற வீடு நெம்பச் சின்னதா இருக்குதுன்னு நான் யாரு மேல கேஸ் போடறது?” என்று அவர் காதில் கேட்டேன்.

“மெதுவாப் பேசு. நர்ஸ் தூங்கறா” என்றார்.

இந்த ஏற்றம் நிலைக்குமா என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். கம்பெனி கேன்டீன். அங்கே இலவசமாக வைக்கும் பாதாம் பாக்கெட் குறையாமல் இருந்தால் விலை ஏறும். பாதாம் போய் வேர்க்கடலை வந்தால் உஷாராக வேண்டும். ஒருநாள் மாம்பழ லஸ்ஸி வைத்தார்கள் என்று சந்தோஷமாக வந்தார். “கேஸ்ல தோக்கப் போறவன் லஸ்ஸி குடுப்பானா? நீயே சொல்லு!” அத்தனை வருஷம் கம்ப்யூட்டர் படித்த மூளை, லஸ்ஸி டம்ளருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்த வழியும் அடைபட்டது. கேஸ் நடப்பதால் கம்பெனியில் எல்லோருக்கும் டிரெய்னிங் கொடுத்தார்கள். போட்டிக்காரனை நொறுக்கினோம், நசுக்கினோம் என்றெல்லாம் எங்கேயும் எழுதக் கூடாது, நாளைக்குக் கோர்ட்டில் எடுத்துக் காட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து, தன் அண்ணனுக்கு எப்போதோ அனுப்பியிருந்த ஒரு வாட்ஸாப் செய்தியைத் தேடி அழித்தார். கேரம்போர்டில் எங்கள் மகளை நொறுக்கிவிட்டதாக எழுதியிருந்த செய்தி. இரண்டு நாள் கழித்து, பாதாம் இருக்கிறதா என்று நான் யதார்த்தமாகக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அது உள் தகவல். வெளில சொன்னா ஜெயிலு” என்றார்.

இன்னொரு சனியனும் இருந்தது. ஊழியர்கள் நினைத்த நாளில் பங்கை விற்க முடியாது. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் கம்பெனி அனுமதிக்கும், மற்ற நாளெல்லாம் தடை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் நேரப்படி பகல் ஒரு மணிக்குச் சந்தை மூடினால் அனுமதியும் முடிந்தது. அடுத்த அனுமதி வரைக்கும் வீட்டுக்காரர் எனக்காக உட்கார்ந்திருப்பாரா? எங்களுக்குப் பின்னால் அந்த வீட்டை வாங்க ஒரு வரிசையே நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை காலை மகள் ஸ்கூலுக்குப் போன பிறகு, என் கணவர் நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் அவர் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது. எங்கள் பக்கம் புருஷனின் அண்ணனை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அந்த மாமா புள்ளியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மருந்துக் கம்பெனியில் புது மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்பவர். தம்பிக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: “பூ கேக்கலாம்டா.”

எங்கள் பக்கம் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் குலசாமி கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளை வந்தால் விற்பது, சிவப்பு வந்தால் வைத்திருப்பது என்று முடிவு செய்தோம். நானும் மறுக்கவில்லை. தினமும் விளக்கேற்றுகிறவள் நான், சாமி என் பக்கம்தான் பேசும் என்று ஒரு தைரியம்.

ஆனால் கோயில் பூசாரி கேட்பதுபோல மாமாவுக்குக் கேட்கத் தெரியாதே. “முறையாச் செய்யோணும்டா. மருந்து டெஸ்ட் பண்ற மாதிரி. பூ கட்டறவன் எடுக்கக் கூடாது. எடுக்கறவங்களுக்கு எதுல எதுன்னு தெரியக் கூடாது. ரெண்டு பொட்டலமும் ஒரே எடை இருக்கோணும்” என்று உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை பூஜைக்கென்று நான் கடையில் வாங்கிவைத்திருந்த கார்னேஷன் பூக்களை என் கணவர் அலுமினியத் தாளில் சுற்றிச் சமையல் தராசில் வைத்தார். வெள்ளை கொஞ்சம் கனமாக இருந்தது. இதழ்களைப் பிய்த்துப் போட ஆரம்பித்தார்.

“சாமி பூவைப் போயி பிய்க்கறீங்களே, உருப்படுமா?” என்று அடிக்குரலில் சீறினேன்.

அடுத்த பிரச்சினை, யார் எடுப்பது. நான் எடுக்கக் கூடாது, எனக்கு ஆசை இருக்கிறது. அவரும் எடுக்கக் கூடாது. மகள் வரும்வரை காத்திருக்கலாமென்றால் அவளுக்குத் தோட்டத்தில் குதித்து விளையாட ட்ராம்போலின் போடும் கனவு. வீட்டு புரோக்கர் அம்மாவுக்குக் கமிஷன். “சம்பந்தமே இல்லாத ஆளு வேணும்டா!” என்று போன் ஸ்பீக்கரில் மாமா கத்தினார். நியூ ஜெர்சியில் தனி வீட்டில் இருக்கிற மனிதர், அவருக்கென்ன, நன்றாகக் கத்துவார். தரையில் டொக் டொக்கென்று கேட்டது. நான் ஸ்பீக்கரைப் பொத்தினேன். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது.

நர்ஸ் நின்றாள். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை, முடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் போனிலிருந்து மாமா, “யாருடா அது? இந்தப் பங்குல அவங்களுக்கு ஏதாச்சும் ஆதாயம் இருக்குதா?” என்றார்.

“இல்லீங்ணா. கீழ்வீடு.”

“அப்பறம் என்னடா? உள்ள கூப்புடு!”

சண்டைக்கு வந்தவளை சோபாவில் உட்கார வைத்து, கையில் காப்பியைக் கொடுத்து, இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்கச் சொன்னோம். எதற்கென்று சொல்லக் கூடாது என்பது மாமாவின் விதி. அவளும் தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட்டாள். பிரித்தால் வெள்ளை! என் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

“ஒருக்கா எடுத்தா ஒண்ணும் நிரூபணம் ஆகாது. முப்பது தடவையாச்சும் எடுக்கோணும்” என்றார் மாமா.

“ஏனுங் மாமா, முப்பது தடவ கேட்டா சாமிக்குக் கோவம் வராதுங்களா?”

“சாமிக்குப் புள்ளியியல் தெரியாதா என்னம்மா?”

என் கணவர் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டலம் கட்டுவார். எதில் எது என்று தெரியாத நான் தட்டில் வைத்து, சமையலறை அலமாரியில் இருந்த குலசாமி படத்துக்குக் காட்டிவிட்டு நர்ஸிடம் நீட்டுவேன். அவள் எடுப்பாள். மாமா அங்கே கம்ப்யூட்டரில் குறித்துக்கொள்வார். வெள்ளை வந்தால் நான் துள்ளுவேன், சிவப்பு வந்தால் படுக்கையறையிலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வரும். போகப் போக நர்ஸுக்கு ருசி தட்டிவிட்டது. கண்ணை மூடிப் பொட்டலத்தை உருட்டிப் பார்த்து எடுத்தாள். பரிசு ஏதாவது உண்டா என்று விசாரித்தாள். இரண்டாவது காப்பியும் கேட்டாள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பொட்டலம் பிரித்தாயிற்று. வெள்ளையும் சிவப்பும் சரிசமம்.

“பிரமாதம்! எந்தப் பக்கமும் சாயல. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, ஆய்வை நீட்டிக்கோணும்” என்றார் மாமா, பேரன் பிறந்த சந்தோஷத்தில் பேசுகிறவர்போல.

என் கணவர் வெளியே வந்தார். “அண்ணன் சொல்றது சரிதான். இன்னொரு முப்பது...” என்று ஆரம்பித்தார். மணி பன்னிரண்டரை.

எனக்குள் ஏதோ பிடுங்கிக்கொண்டது.

“போதும் நிறுத்துங்க! இந்த ஏத்தம் நிக்குமா நிக்குமான்னு மாசக்கணக்காக் கேக்கறீங்களே, நான் தாக்குப் பிடிப்பனான்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா? கல்யாணம் பண்ணி வந்ததுல இருந்து வாயைப் பொத்திக்கிட்டு இருக்கறன். தும்மல் போடறதுக்குக்கூட மணி பாத்துட்டுப் போடறன். எனக்கு லாபமும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். வாயைத் தொறந்து பேச ஒரு வீடு வேணும்!”

தட்டு அதிர்ந்தது. பக்கத்துக் குழந்தை வீறிட்டது. அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

நர்ஸ் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். என்ன சொல்கிறாள் உன் மனைவி என்று என் கணவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தடுமாறி, பங்கை விற்பதா வேண்டாமா என்றுதான் பூ கேட்டோம், விற்றால் தனி வீடு வாங்கலாம் என்று விளக்கினார்.

“வீடு வாங்கினால் இங்கிருந்து காலி பண்ணிவிடுவீர்களா?” என்றாள்.

“ஆமாம்.”

“அப்படியானால் உடனே விற்றுவிடுங்கள்.” கொஞ்சம்கூட யோசிக்கவில்லை மகராசி.

“ஐயையோ!” என்று போனிலிருந்து அலறல். “அவங்களுக்கும் ஆதாயம் இருக்குதேடா! மொத்த ஆய்வும் வீணாப் போச்சு!”

என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் என் முழுக் குரலைக் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு போய் லேப்டாப்பைத் திறந்தார். ஒரு மணிக்கு முன்னால் விற்று முடித்தார். நர்ஸ் என் தோளைத் தட்டிவிட்டுத் தூங்கப் போனாள்.

தீர்ப்பு பிறகு வந்தது. படித்து முடிக்கவே வாரக்கணக்காகும் என்றார்கள். அரசாங்கம் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொன்னது, கம்பெனியும் அதையே சொன்னது. பங்கு அன்றைக்கு விழுந்தது, மறுநாள் எழுந்தது, அப்புறம் மறுபடி ஏற ஆரம்பித்தது. ஏற்றம் நின்றதா நிலைத்ததா என்று ஈஸ்ட் பிரன்ஸ்விக் மாமாவாலும் சொல்ல முடியவில்லை.

வீடு மாறி முதல் ஞாயிற்றுக்கிழமை. மகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு நின்றேன். என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்து, “ச்சே. கொஞ்சம் பொறுத்திருந்தா நீச்சல்குளம் வெச்ச வீடே வாங்கியிருக்கலாம்” என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். இதற்காகத்தானே இந்த வீடு! நான்கு பக்கமும் ஆளில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேன்.

குசுகுசுவென்றுதான் வந்தது.

மறுபடி முயன்றேன். மறுபடியும் அதேதான். தொண்டை அதற்கு மேல் போக மறுத்தது.

“என்ன? கேக்கல” என்றார் கூடத்திலிருந்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து வந்து, வழக்கம்போலக் குனிந்து, காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவ்வளவு இடம் சும்மா கிடக்க, அடுப்படி மூலையில் ஒட்டி நின்றுகொண்டு, நீச்சல்குளத்துக்காக அவரை என்னவெல்லாம் திட்ட வேண்டுமோ அத்தனையும் அந்தக் காதுக்குள் திட்டி முடித்தேன்.