மக்களுக்காக அமர்ந்தவர்

அந்த வருடங்களில், பிரிட்டிஷ் தலைநகரின் கிழக்குப் புறநகரான செவன் கிங்ஸில் எனக்குச் சனிக்கிழமைகள் மெதுவாகத்தான் விடியும். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, வேலை கிடைத்துத் தங்கிவிட்டவள் நான். வாரம் முழுக்க அலுவலகம். சனிக்கிழமை மட்டும், கடைகளில் இலவசமாக வைக்கும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் பிழை திருத்தப் போவேன். அதன் ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸில் இருந்துவிட்டு வந்தவர். தலைப்பு வைப்பதென்றால் அவருக்கு உயிர்.

ஒரு நாள் காலை, பனிமூட்டத்தில், பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் சாப்பாட்டு மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த பெஞ்சை உள்ளூராட்சிக் கவுன்சில் கழற்றிக்கொண்டு போயிருந்தது. நாற்காலியின் கால்களை மூட்டம் மறைத்ததால் அவர் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருந்தது. படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுங்கோ தங்கச்சி. ஜெர்மனியில நிலத்துக்கு ஓடு பதிச்சுப் பதிச்சு முழங்கால் போச்சு. நிக்க ஏலாது. அதுதான் கதிரையோட வாறன்."

ஆசிரியர் படத்தைப் பார்த்ததும் துள்ளினார். முதல் பக்கத்தில் தலைப்பு: "மக்களுக்காக அமர்ந்தார்!"

"அண்ணை, அவருக்கு முழங்கால் வலி," என்றேன்.

"ஓம், எங்கட சனத்துக்கு முழுக்க முழங்கால் வலிதானே!"

அடுத்த வாரம் அந்த நிறுத்தத்தில் ஏழெட்டு நாற்காலிகள். மடக்குவது, பிளாஸ்டிக், குழந்தைகளுடையது ஒன்று. ஒரு பஞ்சாபிப் பாட்டி பின்னல் வேலையோடு வந்து உட்கார்ந்தார். யாரோ பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்தார்கள். பேருந்துகள் வந்து நின்று போயின. சிலர் ஏறவே மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில்லாத கல்யாண மண்டபம் ஒன்று தெருவோரம் இறங்கியிருந்ததாகவே இன்றும் எனக்கு நினைவு.

அந்தக் கூட்டத்தை ஒரு கவுன்சில் தேர்தல் வேட்பாளரும் பார்த்துவிட்டார். நம்மவர்தான்; எங்கள் பத்திரிகைக்கு விளம்பரம் தருபவர். பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார்.

"என்ர தேர்தல் கூட்டத்து மேடையில ஒரு வசனம் சொன்னாக் காணும் அண்ணை. புதுசா வந்த ஆக்களாலதான் எங்களுக்கு இருக்க இடமில்லை எண்டு சொல்லுங்கோ."

நாற்காலிக்காரர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். ஆசிரியர் அடுத்த தலைப்பை யோசித்துக்கொண்டிருந்தார்.

பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு மண்டபத்தில் அந்தக் கூட்டம். மேடையில் அவருக்கு மாலை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"என்னைப் பெரிய ஆள் எண்டு சொல்லினம்," என்றார். "எனக்கு முழங்கால் நோ. அவ்வளவுதான். பெஞ்சைப் புதுசா வந்த ஆக்கள் தூக்கிக்கொண்டு போகேல்லை. நானும் போன வருசம்தான் வந்தனான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. வேட்பாளரும் சிரித்துக்கொண்டே மைக்குக்குக் கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை.

"பின்னால ஆக்கள் நிக்கினம். இஞ்ச மேடையில கதிரையள் சும்மா கிடக்குது."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கத் தொடங்கினார். கால் தடுமாறியது. முதலில் ஓடிப்போய்ப் பிடித்தது ஆசிரியர்தான்.

திரும்பும் வழியில் ஆசிரியர் சொன்னார்: "அவர் சொன்னதை அப்படியே போடுவம். தலைப்பு வேண்டாம்."

வேட்பாளர் அப்படியும் வென்றார். எங்களுக்கு விளம்பரம் தருவதை நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் ஒரு கோடை மாலையில்தான் நாற்காலிக்காரரை மறுபடி பார்த்தேன், ஆர்ச்வேயில், மேட்டுத் தெருவிலுள்ள முருகன் கோயிலில் இருந்து வெளியே வரும்போது. அந்தச் சரிவில் இறங்க என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே நகரம் வெயில் புகையில் கரைந்துகொண்டிருந்தது.

"உங்கட பேப்பர்காரர் சுகமோ?" என்றார்.

"சுகம். நீங்க கேட்டதாச் சொல்றேன்."

"ஓம், சொல்லுங்கோ. நல்ல மனுசன். கொஞ்சம் சத்தம் கூட."

இருவரும் சிரித்தோம். அவசரமில்லாமல் இறங்கினோம்.