பொழுதை முந்த ஒரு இன்ஜின்

சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த இன்ஜினை மாமா கைகூப்பிக் கும்பிட்டது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. விழுப்புரத்தில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. தரையெல்லாம் கறுப்பு எண்ணெய். இனி ஓடாது என்று ஒதுக்கிய வண்டிகளிலிருந்து கழற்றிய இன்ஜின்கள் சுவரோரம் சாக்குப் போர்த்திக் கிடந்தன. அவற்றில் ஒன்றைத்தான் தூக்கி, மாமாவின் பழைய பிக்கப் வண்டிக்குள் இறக்கப் போனார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த எண்ணெய்த் தரையிலேயே வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடிப் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொன்னார். பட்டறை பாய் சங்கிலியைப் பிடித்த கையை அசைக்காமல் அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். வேறு எந்த வண்டிக்காரரும் அங்கே அப்படி நின்றிருக்க மாட்டார். மாமாவுக்கு அது வெறும் இன்ஜின் இல்லை. அவருடைய விரதத்தையும் உயிரையும் ஒன்றாகக் காப்பாற்றித் தரப் போகிற பொருள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. நாங்கள் சமணர்கள்; வெளியார் எங்களை நயினார் என்று கூப்பிடுவார்கள். மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதோடு, சுற்று வட்டாரத்து நெல்லையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையையும் மூட்டை மூட்டையாகத் திண்டிவனத்து விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிப் போய் இறக்குவது அவர் தொழில். அந்தக் கூடத்தை எங்கள் பக்கம் கமிட்டி என்றுதான் சொல்வோம். நான் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருப்பவன். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. பெரிய எழுத்தெல்லாம் வராது. பகவான் மேல் பாரத்தைப் போட்டு, மனதில் கிடப்பதை எழுதுகிறேன்.

மாமா, வாலிப வயதில், எங்கள் ஊர்ப் பக்கம் வந்த ஒரு துறவியின் முன் இரவில் உண்ணுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டவர். சூரியன் மறைந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சிகள் சோற்றில் விழும், நமக்குத் தெரியாமல் ஓர் உயிர் நம் வாய்க்குள் போய்விடும் என்பதுதான் அதற்குக் காரணம். நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் என் கடை என் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. சாயங்காலம் எழுந்து உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அதில் கஷ்டம் என்ன இருக்கிறது? மாமாவுக்கு அப்படி இல்லை. கமிட்டியில் விலை போட்டு, எடை போட்டு, மூட்டை இறங்குவதற்குள் மாலை வந்துவிடும். வெறும் வண்டியாகத் திரும்பினால் கட்டாது என்று உரமோ சிமெண்டோ ஏற்றிக்கொள்வார். அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு கிழட்டு இன்ஜின் ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது, சைக்கிளில் போகிற பிள்ளைகள் வண்டியைத் தாண்டிப் போவார்கள். பாதி நாள் வீடு வந்து சேரும்போது இருட்டியிருக்கும். அக்கா போட்டு வைத்த சோறு அப்படியே கிடக்கும். அவர் கால் கழுவிவிட்டுப் படுத்துவிடுவார்.

உடம்பு நன்றாக இருந்த வரையில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. சர்க்கரை நோய் வந்த பிறகுதான் வினையாகிவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் ஒரு நாள் மயங்கி விழுந்து எழுந்திருக்காமலே போய்விடலாம் என்று விழுப்புரத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் சோறு கட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். காலையில் வடித்த சோறு சாயங்காலத்துக்கு ஆகாது, அதிலும் உயிர் உண்டாகிவிடும் என்பது எங்கள் வழக்கம். வாழைப்பழம் தின்றால் சர்க்கரை ஏறும். "எந்தப் பக்கம் போனாலும் கேட்டு சாத்திக்கினு கீது மச்சான். வண்டி மட்டும் கொஞ்சம் ஜல்தியா ஓடிச்சின்னா பொழுதுக்குள்ள ஊடு வந்து சேந்துடுவேன்" என்று என்னிடம் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் இன்ஜின் மாற்றுகிற யோசனை.

பட்டறையில் பாய் எங்களுக்கு மூன்று வழி காட்டினார். இருக்கிற இன்ஜினையே பிரித்துப் புதுப்பித்துப் போடலாம். இரண்டாவது, ஒரு பழைய வேனிலிருந்து எடுத்த கனமான இன்ஜின். "இது இழுவை நயினாரே. மூட்டையோட செஞ்சி மலையே ஏறிடும். ஆனா ஓட்டம் கம்மி." மூன்றாவது, விபத்தில் ஒரு பக்கம் நசுங்கிப்போன வேறொரு வண்டியிலிருந்து எடுத்த டர்போ இன்ஜின். "இது ஓட்டம். பிரேக்கையும் சேத்து மாத்திட்டுத்தான் சாவியக் கையில குடுப்பேன். இன்னா வேணும் உங்களுக்கு, இழுவையா, ஓட்டமா?"

மாமா அந்த மூன்றாவது இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அவர் கேட்டது பாய் எதிர்பார்க்காத ஒரு கேள்வி. "அந்த வண்டியில உயிரு ஏதாவது போச்சா பாய்?"

"அட, யாருக்கும் ஒண்ணும் ஆவலங்க. டிரைவரு கதவத் தொறந்து எறங்கி, எதுத்தாப்புல கடையில டீ குடிச்சிட்டுப் போனாராம்."

"அப்போ இதயே போட்டுடுங்க. பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்குப் போய்ச் சாப்புடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பாய் சிரித்துவிட்டார். "நல்லா கீது போங்க. நோன்புல எப்படா சூரியன் விழும்னு நாங்க பாத்துக்கினு இருப்போம். நீங்க இன்னாடான்னா அது விழக்கூடாதுன்னு ஓடறீங்க. நடுவுல அந்தச் சூரியன்தான் பாவம், பேஜாராவுது." மாமாவும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பிறகு ஆர்டிஓ ஆபீசில் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் நம்பரை ஏற்றினார்கள். வண்டி ஊருக்கு வந்தது.

அந்தக் கோடைக்காலம் அக்கா வீட்டில் விளக்கு வைத்த மாதிரி இருந்தது. சூரியன் பனைமரத்துக்கு மேலே இருக்கும்போதே வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும். போன் பண்ணும்போதெல்லாம் அக்கா, "இன்னைக்கும் சாப்புட்டாருடா" என்பாள். அதைத் தவிர அவளுக்குச் சொல்லச் செய்தி இருக்காது. மாமாவின் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. டாக்டரும் பரவாயில்லை என்றார். பகவான் கண் திறந்துவிட்டார் என்று நான் மேல்சித்தாமூர் கோயிலில் நெய்விளக்குக்குக் கொடுத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒருநாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நானும் மாமாவோடு ஊருக்குப் போனேன். கமிட்டியில் நேரமாகிவிட்டது. பகலெல்லாம் பெய்து ஓய்ந்திருந்த மழைக்குப் பின் மேற்கே வெளிச்சம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி பறந்தது. ஏரி தாண்டியதும் மண்ணிலிருந்து ஈசல் கிளம்ப ஆரம்பித்தது. அந்த மஞ்சள் வெயிலில் பொன்தூள் தூவினாற்போல வழி நெடுக எழும்பி நின்றது. நாங்கள் அதற்குள் புகுந்து போனோம். கண்ணாடியில் மழை விழுவதுபோல ஒரு சத்தம். மாமா வைப்பரைப் போட்டார். அது துடைக்கவில்லை, பூசிவிட்டது. இறக்கையும் நசுங்கிய உடம்பும் சேர்ந்து கண்ணாடி முழுக்க ஒரு வெள்ளைப் பசை. குனிந்து, துடைபட்ட ஒரு சின்ன இடைவெளி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே அவர் ஓட்டினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. சூரியன் இன்னும் இருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது பொழுது மிச்சமிருந்தது. அக்கா செம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். மாமா இறங்கி முன்பக்கம் வந்து நின்றார். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியில், விளக்கில், நம்பர் பலகையில், ரேடியேட்டர் வலையில், எங்கே பார்த்தாலும். சிலது இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க, பொழுது போவுது. வாங்க, சோறு போட்டாச்சி" என்றாள் அக்கா.

மாமா தோளில் இருந்த துண்டை அவள் செம்பில் நனைத்துக்கொண்டார். உயிரோடு இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் துண்டின் நுனியில் ஒற்றி எடுத்து, வேலியோரத்துச் செடியில் கொண்டுபோய் விட்டார். அக்கா இரண்டு தரம் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். அவர் திரும்பாமலே, "சோத்துல ஒண்ணு உழுந்துடக் கூடாதுன்னுதான மச்சான் இந்த விரதம்? இங்க எத்தினி கீது பாரு" என்றார். அவர் துடைத்து முடிக்கும்போது வெளிச்சம் போயிருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த இன்ஜினை ஓட விடவே இல்லை. சாயங்காலமானால் பழைய கிழட்டு இன்ஜின் காலத்தைவிட மெதுவாக வந்தார். கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், "ஏ, டர்போ வருதுடா, அத ஓரமா நிறுத்திட்டு மாட்டு வண்டிய முன்னால உடுங்க" என்று கேலி செய்வார்கள். அவரும் அதற்குச் சிரிப்பார். மறுபடியும் அக்கா போட்டு வைத்த சோறு கிடந்தது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். சாயங்கால லோடை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். இத்தனை வருஷம் நம்பி மூட்டை போட்டவர்களை அறுப்பு நேரத்தில் எப்படி விடுவது என்றார். அக்கா ஒரு முடிவுக்கு வந்தவளாக, தானும் வண்டியில் ஏறி உட்கார ஆரம்பித்தாள். முந்தானையில் வெல்லக்கட்டி முடிந்திருக்கும். மடியில் வடிகட்டிய தண்ணீர் பாட்டில் இருக்கும். அவளும் அதே விரதம் எடுத்தவள்தான்.

தையில் ஒருநாள், மறுநாள் கோயில் அபிஷேகத்துக்காக நானும் அவர்களோடு திண்டிவனத்திலிருந்து ஏறினேன். முன்னால் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் இருட்டிவிட்டது. மாமா ஏதோ பேசிக்கொண்டு வந்தவர், பேச்சு குழறி, வண்டியைப் புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தார். தொட்டால் சட்டை முழுக்க வேர்வை. அக்கா வெல்லத்தைப் பல்லால் கடித்து உடைத்துப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, அவர் வாயருகே வைத்தாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பொழுது போயிடிச்சா?"

எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு எங்கள் மூன்று பேர் மேலும் அடித்துவிட்டுப் போனது.

அக்கா, "இன்னும் போவலங்க. மேகம் மூடிக்கினு கீது. குடிங்க" என்றாள்.

அவர் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, முழு பாட்டிலையும். நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தில் மேகமே இல்லை, எல்லா நட்சத்திரமும் இருந்தது. சற்று நேரம் கழித்து மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் வெளியே பார்த்தார். விளக்கைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

இப்போது அவர் காலையில் சந்தைக்குப் போகிற காய்கறி லோடு மட்டும்தான் ஏற்றுகிறார். சாயங்காலத்துக்கு வேறு வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வருமானம் பாதிதான். ஓட்டத்துக்கென்று வாங்கிய இன்ஜின், காலை வெயிலில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சுமந்து ஆடி ஆடிப் போகிறது. அவர் உயிரோடு இருக்கிறார். அந்த அளவுக்குப் பகவான் கிருபை. ஆனால் அந்த இரவில் அக்கா சொன்னது பாவமா என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். கோயிலில் நிற்கும்போதும் அதுதான் ஓடுகிறது.

அந்த இரவுக்கு மறுநாள், அபிஷேகம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். ஏதாவது தவறு செய்துவிட்டால் அதற்குப் பரிகாரமாக ஒரு நாள் உப்பை விட்டுவிடுவது எங்கள் வீடுகளில் உண்டு. அக்கா கரண்டியோடு வரும்போதே மாமா, "எனக்கு இன்னைக்கு உப்பு இல்லாம போடு" என்றார். தலையைத் தூக்கவில்லை.

அக்கா நின்றாள். பிறகு, "உப்பு போடறதுக்கு முன்னாடியே எனக்குத் தனியா எடுத்து வெச்சிக்கினேங்க. அதுலயே உங்களுக்கும் போடறேன்" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் பத்துமா?"

"பத்துங்க."

ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் அவருக்குப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் உப்புப் போட்டுச் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான்.