ஞானம் அக்காவின் படம் ஏன் இல்லை

ஞானம் அக்கா இறந்த செய்தியைக் காப்பகத்தில் சமைக்கும் செல்விதான் போனில் சொன்னாள். நான் கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தேன். "அக்கா போயிட்டாங்க மேடம். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போய்ச் சேரலீங்க" என்றாள். அழுது ஓய்ந்தபின், "இனி அரிசிக்கு யாருகிட்டப் போறதுங்க?" என்று கேட்டாள். உடல் வீடு வந்து சேருமுன்பே அவளை அப்படிக் கேட்க வைத்தவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். கட்டியவனிடம் அடிபட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெண்களுக்குத் திருப்பூரில் அவர் ஒரு வீடு நடத்தினார். அந்தப் பெண்களின் வழக்குகளை நடத்துவது என் வேலை. வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தெருவில் யார் விசாரித்தாலும், "எல்லாம் எஞ்சொந்தக்காரிகதானுங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்திவிடுவார். தேடிவந்த புருஷன்மார் சில பேரைப் பேசியே டீக்கடைவரை திருப்பி அனுப்பிய கெட்டிக்காரி.

அந்த வீட்டுக்கு அரசு பணம் தருகிறது. தருகிறது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. வருடா வருடம் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். பிறகு ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். அது மேலே போய் என்னதான் செய்கிறதோ, கீழே இறங்கி வருவதற்குள் வீட்டில் மளிகை தீர்ந்துவிடும். அக்கா திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் போய் நிற்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். நிதி வந்தால்தான் உண்டு என்று அதிகாரி கையை விரித்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க சார், நிதி வரலீன்னு போலீஸ் ஸ்டேசனப் பூட்டுவீங்களா? அடிக்கறவன் வருசம் பூராவும் அடிக்கறானுங்களே" என்று கேட்டார். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்படிப் பணம் வராமல் இழுத்தடித்த ஒரு வருடம்தான் அக்கா ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் போனார். அவர் அரிசி மூட்டைகளோடு போட்டோகிராபரையும் அழைத்துக்கொண்டு வந்தார். பெண்களை வரிசையாக நிற்கச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டுத் தான் மட்டும் மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். சிரித்தபடி நின்ற அந்தப் படத்தில், பின்னால் வாசற்படியோரம், காபித் தட்டோடு வந்த ஒரு பெண்ணின் முகமும் விழுந்துவிட்டது. அவளைக் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி அந்தப் படத்தைத் தன் கம்பெனி வாட்சப் குழுக்களில் போட்டார். கவிதாவின் புருஷன் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மறுநாள் முதலாளியே அக்காவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டேன். "நம்ம பையந்தானுங்க, நல்ல வேலைக்காரன். கோவத்துல கை நீட்டிட்டான். அந்தப் புள்ளைய அவங்கிட்ட அனுப்பி வெச்சுருங்க, நான் பொறுப்பு" என்றார். கவிதாவின் காது கிழிந்து தையல் போட்டிருந்தது. அதைத்தான் அந்த மனிதர் கை நீட்டியது என்றார்!

அக்கா சொன்னது இவ்வளவுதான்: "அரிசி குடுத்தீங்க, சந்தோசம். அதுக்கு ஆளைக் கேக்கறீங்களே, மனுசந்தானுங்களா?" போனை வைத்துவிட்டு, கவிதாவைப் பிள்ளையோடு வெளியூர் அனுப்ப ஏற்பாடு செய்தார். மிச்சமிருந்த மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக் கம்பெனி கேட்டிலேயே இறக்கிவிட்டு வரச்சொன்னார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் ரவைக் கஞ்சி.

அடக்கத்தன்று அதே அதிகாரி மாலையோடு வந்தார். அரசு என்றும் இந்த இல்லத்துக்குத் துணை நிற்கும் என்று மைக்கில் பேசினார். இந்த வருட நிதி எப்போது வரும் என்று கேட்டேன். துக்க வீட்டில் இதையெல்லாம் பேசலாமா என்று என்னைக் கடிந்துகொண்டார். வெட்கங்கெட்ட பேச்சு. அக்கா உயிரோடு வரிசையில் நின்றபோது இந்த நாசூக்கெல்லாம் எங்கே போயிருந்தது?

கல்லறையிலிருந்து திரும்பினால், தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி. மேலே முதலாளியின் கும்பிட்ட கை, நடுவில் அக்காவின் சிரித்த முகம், கீழே காப்பகத்தின் பெயர், அது இருக்கும் வீட்டைக் காட்டும் அம்புக்குறி. அதே படம்தான். அக்காவின் தோளுக்குப் பின்னால் கவிதா தட்டோடு நிற்கிறாள். அவள் புருஷன் இன்னும் அவளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். உள்ளே இருக்கும் மற்றப் பெண்களின் புருஷன்மார்களும் இந்த ஊரில்தான் பைக் ஓட்டுகிறார்கள். செல்வி அரிவாள்மணையை எடுத்துவந்தாள். நான் இழுத்துப் பிடிக்க, அவள் கயிற்றை அறுத்தாள். செத்தவர் படத்தைக் கிழிக்கிறீர்களே, பாவமில்லையா என்று ஒருவர் கேட்டார். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

இந்த அஞ்சலியோடு போட அக்காவின் படம் ஒன்று வேண்டுமென்று பத்திரிகையில் கேட்டார்கள். அவர் படத்துக்கு நிற்காதவர். இருப்பது அந்த ஒன்றுதான். நான் கொடுக்கவில்லை.

அவர் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொண்டது திங்கட்கிழமை வரிசையில் அவர் நின்ற இடம். வருகிற திங்கள் அங்கே நிற்பேன், அதே கேள்வியோடு. எவன் காலிலும் விழாமல், எவன் கேமராவுக்கும் நிற்காமல், அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டும். அதற்கு அரசுப் பணம் வருடம் தவறாமல் வரவேண்டும். அக்காமேல் பிரியம் உள்ளவர்கள் மாலை வாங்க வேண்டாம். எனக்குப் பின்னால் வந்து நில்லுங்கள்.